ஹெல்மெட் போட்டும் தாடை உடைந்தது எப்படி? (முக எலும்பு முறிவு பற்றிய இழை)

12.05.2024, வாசகர் கேள்வி

என் மச்சான் ராத்திரி பைக்கில் வரும்போது வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடையில் தூக்கிப் போட்டு விழுந்துவிட்டான். ஹெல்மெட் போட்டிருந்தான், வாரும் மாட்டியிருந்தான். தலையில் கீறல்கூட இல்லை. ஆனால் கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. இடது பக்கம் கோரைப்பல்லுக்குக் கீழே ஒன்று, வலது பக்கம் காதுக்கு முன்னால் ஒன்று. அடிபட்டது இடது பக்கம் மட்டும்தான். வலது பக்கம் எப்படி உடையும்? ஸ்ட்ரெச்சரில் இருந்து தவறவிட்டுவிட்டார்களோ என்று வீட்டில் சந்தேகப்படுகிறார்கள். வார்டில் இருக்கிற எல்லாருமே பைக் கேஸ்தான். பிறகு ஹெல்மெட் எதற்கு சார்?

12.05.2024, இரவு

சார் இல்லை, மேடம். பரவாயில்லை, ஓபியிலும் "டாக்டர் எப்ப வருவார் சிஸ்டர்?" என்று என்னிடமே கேட்கிறார்கள். முகத்தாடை அறுவை மருத்துவர் நான். நான்கு வழிச்சாலை ஓரத்து ஊர் ஒன்றில் வேலை. அரசு மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தவள்.

யாரும் தவறவிடவில்லை. கண்ணாடி வளையலை ஓர் இடத்தில் மட்டும் உடைத்துப் பாருங்கள், முடியாது. கீழ்த்தாடையும் அப்படித்தான். லாட வடிவ எலும்பு, இரண்டு முனையும் காதுக்கு முன்னால் மண்டையோட்டில் மாட்டியிருக்கிறது. இடது முன்பக்கம் அடி விழுந்தால் அங்கே ஒரு முறிவு. மிச்ச விசை எலும்பு வழியே ஓடி எதிர்ப்பக்க மூட்டுக்குக் கீழே இருக்கிற மெல்லிய கழுத்தில் இன்னொன்று. பயிற்சிக்கு வந்த முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: கீழ்த்தாடையில் ஒரு முறிவைப் பார்த்தால் இரண்டாவதைத் தேடு.

13.05.2024

ஹெல்மெட்டுக்கு வருகிறேன். என்ன ஹெல்மெட் என்று நீங்கள் எழுதவில்லை. முகவாயை மூடாத சட்டி ஹெல்மெட்டாக இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

சட்டத்துக்கு அது போதும். மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவு தலைக்கவசம் கேட்கிறது, முகவாய்க்கவசம் கேட்கவில்லை. 2021 ஜூன் 1 முதல் தரச்சான்று இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை விற்கக்கூடாது என்று ஆகிவிட்டது. ஆனால் ஐஎஸ்ஐ முத்திரையோடே முகம் திறந்த ஹெல்மெட் கடையில் தொங்குகிறது. மூளைக்கு அது நல்லது. மூக்கு, கன்னம், தாடை மூன்றுக்கும் அதில் ஒன்றுமே இல்லை.

உங்கள் மச்சான் பேசுகிறார், உங்களை அடையாளம் தெரிகிறது. அதற்குத்தான் ஹெல்மெட். தாடையை உலோகத் தட்டு வைத்துச் சேர்த்துவிடுவோம். மூளைக்கு அப்படி ஒரு தட்டு இல்லை.

13.05.2024, மதியம்

முழு ஹெல்மெட் ஏன் வாங்கவில்லை என்று நானும் கேட்டுப் பார்ப்பதுண்டு. வேர்க்குது, காது கேட்காது, கண்ணாடி போட்டிருக்கேன், முடி கொட்டுது. ஒருவர் மட்டும் நேர்மையாகச் சொன்னார்: "வெத்தலை துப்ப முடியாது மேடம்."

19.05.2024

"வார்டில் எல்லாருமே பைக் கேஸ்" என்றீர்களே, அதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது.

இந்தியாவில் முக எலும்பு முறிவோடு மருத்துவமனையில் சேர்கிறவர்களை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலான ஊர்களில் சாலை விபத்துதான் முதலிடம், அதிலும் இருசக்கர வாகனம். வயது இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவே, ஆண்கள். பிரிட்டனிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் இதே கணக்கை எடுத்தால் அடிதடி மேலே வந்துவிடும், குடியும் அதோடு சேர்ந்துகொள்ளும். வயதானவர்களை மட்டும் தனியாகப் பிரித்தால் பெரும்பாலான நாடுகளில் தவறி விழுவதுதான் முன்னால் நிற்கும். ஆக, காரணம் எது என்பது ஊரையும் வயதையும் பொறுத்தது.

இரண்டாவது, வார்டில் இருப்பது வடிகட்டிய கூட்டம். முகத்தில் மிகச் சுலபமாக உடைகிற எலும்பு மூக்கெலும்பு. ஆனால் மூக்கு உடைந்தவர் படுக்கையில் சேர்வதில்லை. காது மூக்கு தொண்டை ஓபியில் காட்டி, மாத்திரை வாங்கி, வீட்டுக்குப் போய்விடுவார். பாதிப்பேர் அதுகூடச் செய்வதில்லை, கொஞ்சம் கோணலாக இருந்தால் என்ன என்று விட்டுவிடுவார்கள். தாடை உடைந்தவரால் அப்படி இருக்க முடியாது. சோறு இறங்காது, எச்சில் ஒழுகும், பல் சேராது, அதனால் வந்து சேர்ந்தே ஆகவேண்டும். சேர்க்கப்பட்டவர்கள் கணக்கில் கீழ்த்தாடை முதலிடம் பிடிப்பதில் இதற்கும் பங்கு உண்டு. மண்டையில் ரத்தக்கட்டோடு வந்தவர் நியூரோ வார்டில் இருப்பார். அவருடைய கன்ன எலும்பு முறிவு எங்கள் பதிவேட்டுக்கு வராமலே போகலாம். சாலையிலேயே உயிர் போனவர் எந்த வார்டின் கணக்கிலும் இல்லை.

20.05.2024

ஸ்கேன் வந்தபின் முறிவுக் கணக்கு மாறியதா என்று கேட்டிருந்த நண்பருக்கு: ஆமாம், கருவி மாறினால் கணக்கும் மாறும். எக்ஸ்ரேயில் தெரியாத கண்குழிச் சுவர் கீறல் சிடி ஸ்கேனில் பளிச்சென்று தெரியும். பழைய பதிவேட்டில் "கன்ன எலும்பு" என்று ஒற்றை வார்த்தையில் முடிந்தவர் இன்று வந்தால் நாலு வரி ரிப்போர்ட்டோடு வருவார். மனுஷ முகம் அப்படியேதான் இருக்கிறது.

02.06.2024

இரண்டு வாரமாக எழுத முடியவில்லை. கோடை விடுமுறை, கோயில் திருவிழா, கல்யாண சீசன், அதோடு டாஸ்மாக். ஞாயிறு ராத்திரி கேஷுவாலிட்டியை விவரிக்க வேண்டுமா?

இந்த இடைவெளியில் தனிச்செய்தியில் வந்த கேள்விகளில் பாதி ஒன்றுதான்: "உடைஞ்சிருக்கா இல்லையான்னு வீட்டிலேயே எப்படித் தெரிஞ்சுக்கறது?" வீட்டில் உறுதி செய்துகொள்ள வழி கிடையாது, சந்தேகப்பட வழி உண்டு. பல்லைக் கடித்தால் முன்பு சேர்ந்தது போல் சேர்கிறதா? "பல்லு ஒக்கார மாட்டேங்குது" என்று நோயாளி சொன்னால் எக்ஸ்ரே வருவதற்கு முன்பே முக்கால்வாசி நம்புவேன். அவர் பல் கடிப்பு அவருக்குத்தான் தெரியும். நாக்குக்கு அடியில் ரத்தம் கட்டி நீலமாக இருந்தாலும் கீழ்த்தாடை மேல் சந்தேகம் வரவேண்டும். கீழுதடு ஒரு பக்கம் மரத்துப்போயிருந்தால் கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு அடிபட்டிருக்கலாம். கன்னமும் மேலுதடும் மூக்கோரமும் மரத்திருந்தால் கண்ணுக்குக் கீழே இருக்கும் எலும்பைப் பார்க்க வேண்டும். கண் வெள்ளையில் ரத்தத்திட்டு, ஒன்று இரண்டாகத் தெரிவது, பார்வை மங்குவது இதில் எது இருந்தாலும் காலை வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

மூக்கைச் சிந்தாதீர்கள். இது முக்கியம். கன்ன எலும்போ கண்குழியோ உடைந்தவர் பலமாகச் சிந்தினால் சைனஸ் காற்று தோலுக்கடியில் ஏறிக் கண் பலூன் மாதிரி மூடிக்கொள்ளும். மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகிக்கொண்டே இருந்தால் ஜலதோஷம் என்று விடக்கூடாது, மூளையைச் சுற்றியிருக்கும் நீராக இருக்கலாம்.

தாடை முன்னால் இருபக்கமும் உடைந்தவரை மல்லாக்கப் படுக்க வைத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். அவர் நினைவோடு, தானே முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தால் விடுங்கள். "படுங்க, படுங்க" என்று சாய்க்கிற நல்ல மனசுக்காரர்கள் எல்லா விபத்திலும் இருக்கிறார்கள்.

09.06.2024

லெஃபோர் பற்றி எழுதச் சொல்லி மருத்துவ மாணவர் ஒருவர் கேட்டார். பரீட்சைக்குத்தான் என்று தெரிகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

ரெனே லெஃபோர், பிரெஞ்சு அறுவை மருத்துவர். 1901இல் லீல் நகரத்தில் சடலங்களின் தலைகளை விதவிதமாக அடித்து, அப்புறம் சதையைக் களைந்து, எலும்பு எங்கே விட்டுக்கொடுத்தது என்று பார்த்தார். எங்கே அடித்தாலும் நடுமுகம் மூன்று கோடுகளில்தான் திரும்பத் திரும்ப உடைந்தது. முதல் கோட்டில் மேல்வரிசைப் பல்லும் அண்ணமும் மட்டும் தனியாகக் கழன்று ஆடும். இரண்டாவதில் மூக்கையும் சேர்த்துக் கூம்பாகப் பெயரும். மூன்றாவதில் கன்ன எலும்போடு முகமே மண்டையோட்டிலிருந்து பிரிந்துவிடும். முகத்தில் எலும்பு சில இடங்களில் தூண் மாதிரி கெட்டியாக, நடுவில் முட்டைத்தோடு கனத்தில் இருப்பதால்தான் இந்த ஒழுங்கு. நாங்கள் தட்டு வைப்பதும் அந்தத் தூண்களில்தான். மற்ற இடத்தில் திருகு பிடிக்காது.

வகைப்பாடு இன்றும் அவர் பேரில் இருக்கிறது. ஆனால் பாடப்புத்தகப் படத்தில் போட்ட மாதிரி சமச்சீராக உடைந்து வருகிறவரை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். வலது பக்கம் மூன்று, இடது பக்கம் இரண்டு, நடுவில் அண்ணம் வேறு பிளந்திருக்கும். லெஃபோர் அடித்த வேகம் வேறு. நம்ம பையன்கள் லாரிக்குப் பின்னால் போய்ச் செருகும் வேகம் வேறு.

10.06.2024

"முக எலும்புகள் நொறுங்கி மூளையைக் காப்பாற்றுகின்றன, காரின் முன்பக்கம் போல" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் படித்த காலத்தில் எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அதை நம்பி, முகம்தானே உடைந்திருக்கிறது, மூளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைப்பது ஆபத்து. நடுமுகம் உடையும் அளவுக்கு அடி வாங்கியவருக்குத் தலையையும் கழுத்தெலும்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

01.07.2024

இன்று புதிய சட்டம் வந்துவிட்டது. காலையில் போலீஸ் தரப்புக்குக் காயச் சான்று எழுதும்போது இதைப் பற்றி எழுதத் தோன்றியது.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 320ஆம் பிரிவு. இனி பாரதிய நியாய சன்ஹிதாவில் 116. கொடுங்காயம் எது என்று எட்டு வகையாகச் சொல்கிறது. அதில் ஒன்று, எலும்போ பல்லோ முறிதல் அல்லது இடம் பெயர்தல். இன்னொன்று, தலையோ முகமோ நிரந்தரமாக விகாரப்படுதல். எட்டாவது வகையில் பழைய சட்டம் 20 நாள் கடும் வலி என்றது, புதியது 15 நாள் என்கிறது.

கவனியுங்கள். கைகலப்பில் கன்னம் வீங்கினால் சாதாரணக் காயம். மூக்கெலும்பில் மயிரிழைக் கீறல் இருந்தால் கொடுங்காயம்; வேண்டுமென்றே செய்திருந்தால் ஏழு வருடம் வரை தண்டனை. அதனால் சிடி ரிப்போர்ட்டில் ஒரு வரிக்காகக் காத்திருக்கும் கூட்டம் இரண்டு கட்சியாக நிற்கும். "மேடம், உடைஞ்சிருக்குன்னு எழுதுங்க." "மேடம், அது பழைய உடைசல்னு எழுதுங்க." பழைய முறிவை நிஜமாகவே காட்டிப் புதியது என்பார்கள். எலும்பின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, மேலே வீக்கம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

01.07.2024, இரவு

காலையில் எழுதியது பாதிதான். சொல்ல வந்ததே வேறு.

கேஷுவாலிட்டியில் வந்ததும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், எல்லாரும் ஏஆர் என்பது. எங்கே, எத்தனை மணிக்கு, எதனால். "சொல்லப்படுவதாவது" என்ற பாணியில்தான் அந்த வாசகம் இருக்கும். டாக்டர் கண்ணால் பார்க்கவில்லை, வந்தவர் சொன்னதை எழுதுகிறார். பின்னாளில் ஒரு முதுகலை மாணவர் ஆய்வுக்கட்டுரைக்காக ஐந்து வருடப் பதிவேட்டைப் புரட்டி, காரணம் வாரியாக அட்டவணை போடுவார். சாலை விபத்து இத்தனை, விழுந்தது இத்தனை, தாக்குதல் இத்தனை. அந்த அட்டவணையில் இருப்பது, ராத்திரி 11 மணிக்கு மக்கள் எதைச் சொல்ல முடிவு செய்தார்கள் என்பதுதான்.

ஏன் மாற்றிச் சொல்கிறார்கள்? குடித்துவிட்டு ஓட்டியவன் "நாய் குறுக்கே வந்துச்சு" என்பான். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டினால் கேஸ், இன்சூரன்சும் கைவிடும். பங்காளிச் சண்டையில் அடிவாங்கியவன், ஊரில் பேசி முடிக்கப்போகிறார்கள் என்றால் "மாடிப்படியில விழுந்தேன்" என்பான். பேச்சு முறிந்தால் மறுநாள் வந்து மாற்றி எழுதச் சொல்வான். தானாக விழுந்தவன் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நினைத்து, வராத வண்டியை வரவழைப்பான். அப்புறம் பெண்கள்.

03.07.2024

பெண்கள் என்று எழுதிவிட்டு நிறுத்தியதற்குப் பலர் கேட்டிருக்கிறீர்கள். சுலபமாக எழுத வரவில்லை.

"பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டேன்." இடது கன்ன எலும்பு உள்ளே அமுங்கியிருக்கும். உள்ளங்கையில் சிராய்ப்பு இல்லை, முழங்கையில் இல்லை, முட்டியில் இல்லை. முகவாயிலும் இல்லை. நினைவோடு விழுகிறவர் கையை ஊன்றத்தான் பார்ப்பார். எதிரே நின்று வலது கையால் குத்தினால் விழுகிற இடம் இடது கன்னம், இடது கண்குழி. கூட வந்தவர் பதிலெல்லாம் தானே சொல்வார். "எப்படிம்மா விழுந்த?" என்று நான் அவளைக் கேட்டால் அவர், "அதான் சொன்னேனே மேடம், பாத்ரூம்ல" என்பார்.

அவரை எக்ஸ்ரே பணம் கட்ட அனுப்புவேன். பணம் கட்ட வேண்டியதே இல்லாத இடத்தில் வேலை பார்த்தபோது ஜெராக்ஸ் எடுக்க அனுப்பினேன். கதவைச் சாத்திக் கேட்டால் சிலர் சொல்வார்கள், சிலர் சொல்லமாட்டார்கள். சொல்லாதவரைக் குடைவதில்லை. பெண்கள் உதவிக்கான 181 எண்ணை மாத்திரைச் சீட்டின் பின்பக்கம் எழுதாதீர்கள், வீட்டில் பார்த்துவிடுவார்கள். வாயால் சொல்லி இரண்டு முறை திருப்பிச் சொல்லவைத்தால் போதும், மூன்றிலக்க எண்தானே. அடுத்த வாரம் தையல் பிரிக்க வரச்சொல்வேன். தையல் இல்லாவிட்டாலும் வரச்சொல்வேன்.

05.07.2024

இடது கன்னம் உடைந்தால் புருஷன் அடித்தது என்று மேலே எழுதியதைச் சுருக்கி யாரோ வாட்ஸாப்பில் ஓட்டியிருக்கிறார்கள். ஒருவரைப் பார்த்து அப்படி முடிவு கட்ட முடியாது. இடது கைக்காரர் இருக்கிறார், உதை இருக்கிறது, கட்டை இருக்கிறது. பைக்கில் இடது பக்கம் சாய்ந்து விழுந்தவருக்கும் இடது கன்னம்தான் உடையும். வலிப்பு வந்தோ மயங்கியோ விழுகிறவர் கையை ஊன்றமாட்டார், அவருக்கும் உள்ளங்கை சுத்தமாகவே இருக்கும். அணிவகுப்பில் வெயிலில் நின்று மயங்கி விறைப்பாகச் சாய்கிற சிப்பாய்க்கு மோவாய் அடிபட்டு இரண்டு மூட்டுக் கழுத்தும் உடையும். பாடப்புத்தகத்தில் அந்த முறிவுக்குக் காவல் சிப்பாய் பேரையே வைத்திருக்கிறார்கள்.

எலும்பு விசை வந்த திசையைச் சொல்லும். யார் கை என்று சொல்லாது. பதிவேட்டு வாசகமும் எலும்பும் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோது இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

21.07.2024

பின்னால் உட்காருகிறவர்களை விட்டுவிட்டோம். பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பை, புடவை முந்தானை சக்கரத்துப் பக்கம். ஹெல்மெட் இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2015 ஜூலை 1 முதல் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம் என்று வந்தபோது கொஞ்ச நாள் போட்டார்கள். இப்போது பெருநகரத்தைத் தாண்டினால் பின்சீட்டு ஹெல்மெட் என் கண்ணில் படுவதே அரிது. இவர்கள் பின்புறமாகவோ பக்கவாட்டிலோ விழுகிறார்கள். முகத்தைவிடப் பிடரிதான் முதலில் அடிபடும், அதனால் எங்களிடம் குறைவாகவும் நியூரோவில் அதிகமாகவும் இருப்பார்கள். மே 19 குறிப்பில் சொன்ன வடிகட்டலுக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

18.08.2024

குழந்தைகள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், இதைப் படித்து ஒருவராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் சரி.

சின்னப் பிள்ளைகளின் முகம் மண்டையைவிட ரொம்பச் சிறிசு, எலும்பு வளையும் தன்மையுடையது. அதனால் முகமுறிவு குறைவு. விழுந்தால் நெற்றி புடைக்கும், அவ்வளவோடு போகும். ஆனால் குப்புற விழுந்து முகவாய் கிழிந்த பிள்ளை வேறு கதை. திண்ணை, ஊஞ்சல், சைக்கிள், ஊராட்சி அடிபம்பு. அடிபம்பின் கைப்பிடி எகிறி மோவாயில் அடிப்பதைக் கிராமத்தில் பார்க்காதவர் கிடையாது. பக்கத்து கிளினிக்கில் இரண்டு தையல், ஒரு டிடி ஊசி, சாக்லேட், வீடு. தாடை மூட்டை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

மோவாயில் பட்ட அடி நேராகக் காதுக்கு முன்னால் போகும் என்று முதல் நாளே எழுதினேன். பிள்ளைகளுக்கு அங்கே எலும்புத் தலை நசுங்கி மூட்டுக்குள் ரத்தம் கட்டும். வலிக்கிறது என்று வாயைத் திறக்காது. அம்மா பாவம் பார்த்துக் கஞ்சியும் பாலும் கொடுப்பாள். அசையாத மூட்டு மெதுவாக எலும்பாகவே ஒட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு வருடம் கழித்து, விரல் நுழையாத வாயோடு வருவார்கள். அந்தப் பக்கம் தாடை வளராமல் முகம் கோணியிருக்கும். இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தால் மோவாயே இருக்காது, தூக்கத்தில் மூச்சுத் திணறும். மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது பெரும் பாடு, வாய் திறக்காதவருக்குக் குழாயை மூக்கு வழியாகத்தான் இறக்க வேண்டும். ஒட்டிய எலும்பை வெட்டி இடைவெளி உண்டாக்கி, அப்புறம் மாதக்கணக்கில் வாய் திறக்கும் பயிற்சி. அழுதாலும் விடக்கூடாது.

அன்றைக்கே படம் எடுத்து, பெரும்பாலும் அறுவை இல்லாமலே, கொஞ்ச நாள் ஓய்வும் பிறகு கட்டாயமாக வாய் திறக்கும் பயிற்சியும் கொடுத்திருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது. மோவாயில் தையல் போட்ட பிள்ளை வாயை முழுசாகத் திறக்கிறதா என்று ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் பாருங்கள்.

19.08.2024

இன்னொரு பிள்ளை விஷயம், நேற்று விட்டுப்போனது. டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் கண்ணில் அடி. கண் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும், வீக்கம்கூடப் பெரிதாக இல்லை. ஆனால் பிள்ளை மேலே பார்க்கச் சொன்னால் வாந்தி எடுக்கும், நாடித்துடிப்பு குறையும். தலையில் அடி என்று நினைத்து மூளையை ஸ்கேன் பண்ணி, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். கண்குழித் தரை கதவு போலத் திறந்து மூடி, கண்ணை அசைக்கும் தசையைக் கவ்வியிருக்கும். நாள் கணக்கில் விட்டால் தசை செத்துவிடும், ஓரிரு நாளுக்குள் விடுவிக்க வேண்டும்.

இந்தக் கண்குழித் தரை எப்படி உடைகிறது என்று 1957இல் நியூயார்க்கில் ஸ்மித், ரீகன் இருவரும் சடலத்தின் கண்மேல் பந்தை வைத்துச் சுத்தியலால் அடித்துப் பார்த்தார்கள். லெஃபோருக்கு அடுத்து இவர்கள். எங்கள் துறையின் வரலாறு முழுக்க யாராவது யாரையாவது அடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

06.10.2024

கொரோனா காலத்தில் குறைந்ததா என்ற கேள்விக்கு: 2020 மார்ச் 25 ஊரடங்கு தொடங்கியதும் சாலை காலி, எங்கள் வார்டும் காலி. வந்த கொஞ்சநஞ்சம் வீட்டுக்குள் நடந்தது. விழுந்தது, அடித்தது, மதுக்கடை திறந்த மறுநாள் இரண்டும் சேர்ந்தது. 2021இல் வேறு வேலை வந்துவிட்டது. கறுப்புப் பூஞ்சை தின்ற மேல்தாடைகளை எடுத்துக்கொண்டே இருந்தோம். உடைந்ததைச் சேர்க்கிறவர்கள் வெட்டி எடுக்கிறவர்களாக மாறிய வருடம். அதைப் பற்றித் தனியாக எழுதலாம், இங்கே வேண்டாம்.

17.11.2024

கட்டு வைத்தியரிடம் போகலாமா என்று கேட்கிறார்கள். கை காலுக்கு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில் நான் தலையிடவில்லை. முகத்துக்குக் கட்டே கிடையாது. மூங்கில் தப்பையை எங்கே வைப்பார்கள்? பச்சிலை பற்றுப் போட்டு ஒரு மாதம் கழித்து வருகிறவருக்கு எலும்பு கோணலாக ஒட்டியிருக்கும். மறுபடி உடைத்துச் சேர்க்க வேண்டும்.

கீழ்த்தாடைக்கு முன்பெல்லாம் பல்லோடு பல்லைக் கம்பி போட்டு நாலு முதல் ஆறு வாரம் கட்டிவைப்பார்கள். தலைமாட்டில் கம்பி வெட்டும் கட்டர் தொங்கும். வாந்தி வந்தால் வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூச்சடைக்கும். 1970களில் ஸ்ட்ராஸ்பூர்கில் சாம்பி என்பவர், எலும்பு எங்கே இழுவிசையில் இருக்கிறதோ அந்தக் கோட்டில் சிறிய தட்டு வைத்தாலே போதும் என்று காட்டினார். அந்தக் குட்டித் தட்டுதான் இன்று எல்லா ஊரிலும். வாய் உள்ளே கீறி வைப்பதால் வெளியே தழும்பு இருக்காது, சில நாளில் கரைத்த இட்லி சாப்பிடலாம். மூக்கு கோணியிருந்தால் வீக்கம் வடிந்ததும், பெரியவர்களுக்கு ஏழு முதல் பத்து நாளுக்குள் நிமிர்த்த வேண்டும். மூக்கின் நடுச்சுவரில் ரத்தம் கட்டியிருந்தால் அதற்குக்கூடப் பொறுக்கக்கூடாது. உடனே வடிக்காவிட்டால் குருத்தெலும்பு அழுகி மூக்கு நடுவில் பள்ளமாகிவிடும்.

19.01.2025

பொங்கல் முடிந்தது. ஜல்லிக்கட்டுக் காயம் நிறைய வருமா என்று வெளிநாட்டிலிருந்து ஒருவர். வரும். ஆனால் கொம்புக் காயம் பெரும்பாலும் வயிறு, தொடை, அக்குள் என்று சர்ஜரிக்குப் போகும். எங்களிடம் வருவது திமிலைப் பிடித்துத் தொங்கும்போது மாடு தலையை ஆட்டி முகத்தில் மோதியது. களத்தைவிட வெளியே மாடு பிடிக்கும் இடத்தில்தான் பார்வையாளர்கள் முகத்தைக் கொடுக்கிறார்கள். அப்புறம் வீட்டுக்குத் திரும்பும்போது பைக். ஒரே நாளில் மாட்டிடம் தப்பித்து வேகத்தடையில் மாட்டியவரைப் பார்த்தேன். பதிவேட்டில் எதை எழுத என்று பயிற்சி டாக்டர் குழம்பிப்போனார், ஏனென்றால் வந்தவர் மாடு என்றே சொல்லச் சொன்னார். வீட்டில் மரியாதையாம்.

23.02.2025

தட்டை எடுக்க வேண்டுமா என்று கேட்ட மூவருக்கும் சேர்த்து. டைட்டானியம். சீழ், தளர்ந்த திருகு, தோலுக்கடியில் தட்டுப்படுவது, இவை இல்லாவிட்டால் எடுக்க வேண்டியதில்லை. வளரும் பிள்ளைகளுக்கு எடுப்பது உண்டு. எம்ஆர்ஐ எடுக்கலாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படத்தில் அந்த இடம் கொஞ்சம் கலங்கித் தெரியும். விமான நிலையத்தில் இவ்வளவு சிறிய தட்டுக்குப் பொதுவாக மணி அடிக்காது. மார்கழிக் குளிரில் கன்னம் விறுவிறுக்கிறது என்கிறவர்கள் உண்டு, கண் ஓரம் தட்டு வைத்தவர்கள் அதிகம் சொல்வார்கள். பொறுக்க முடியாவிட்டால் எடுத்துவிடலாம், சின்ன வேலை. மரத்துப்போன உதடு திரும்ப மாதங்கள் ஆகும், சிலருக்கு முழுசாகத் திரும்பாது. சூடான காபியைக் குடிக்கும்போது அந்தப் பக்கம் பார்த்துக் குடியுங்கள்.